மால்மோவிலிருந்து வந்த டப்பா

வாசகர் கேள்வி: டாக்டர் ஐயா, சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 57. முப்பது வருடமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறேன். பீடி, சிகரெட் தொட்டதில்லை. சனிக்கிழமை கூலி வாங்கினால் கொஞ்சம் குடிப்பேன். மகன் ஸ்வீடனில் மால்மோ என்ற ஊரில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது ஒரு வட்ட டப்பா கொண்டுவந்தான். உள்ளே சின்னச் சின்னப் பைகள், உதட்டுக்கு அடியில் வைக்க வேண்டுமாம். பெயர் ஸ்னூஸ். "பாலத்துக்கு அந்தப் பக்கம் டென்மார்க்காரன் சிகரெட் பிடித்துச் சீக்கிரம் சாகிறான், இந்தப் பக்கம் ஸ்வீடன்காரன் இதை வைத்துக்கொண்டு நீண்ட நாள் இருக்கிறான். நீங்களும் இதற்கு மாறிக்கொள்ளுங்கள் அப்பா" என்கிறான். உண்மையா? என் அம்மா கடைசிவரை வெற்றிலை போட்டு 88 வயது வரை இருந்தார். என் வீட்டம்மாவும் சாப்பிட்டதும் சீவலோடு துளி புகையிலை போடுவார். வேறு தொந்தரவு இல்லை. ஆறு மாதமாகக் காரம் பட்டால் மட்டும் வாய் எரிகிறது, தட்டுவடை செட் கடிக்க வாய் முன்போலத் திறப்பதில்லை. வயதானால் அப்படித்தானே?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான். டென்மார்க், ஸ்வீடன் பற்றியெல்லாம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று வாயை முழுக்கத் திறந்து, உங்கள் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டால் அது வயது செய்த வேலை இல்லை. 57 வயதில் முழங்கால் பிடிக்கலாம், கண் மங்கலாம். கன்னத்தின் உள்தோல் தோல்வார்போல இறுகுவதற்கு வயது காரணமாகாது.

பாக்குப் போடுகிறவர்களுக்குக் காரத்தில் வாய் எரிவதும், பிறகு வாய் சுருங்குவதும் ஒரு நோயின் தொடக்கம். கன்னத்துக்குள் நார் படிந்து இறுகும் நோய் அது. பாக்கில் இருக்கும் அரிக்கோலின் என்ற பொருள் வாய்த்தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உண்டான நார் கரையாமல் தங்கிவிடுகிறது. இந்த வாயில் பிற்பாடு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். உங்களுக்கு அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. பல் மருத்துவர் கையுறை போட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்த வாரமே போங்கள். தறியை ஒரு நாள் நிறுத்தினால் போகும் கூலி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் புத்திசாலிப் பிள்ளை. கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்திருக்கிறார், அப்பாமேல் அக்கறையில் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கணக்கைத் தள்ளிவிடாமல் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு நாடுகளின் சாவுக் கணக்கை ஒப்பிடும்போது முதலில் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் ஆறேழு பேர் இறக்கிறார்கள். ஸ்வீடனில் ஒன்பது பேர். இதை மட்டும் பார்த்தால் நாம்தான் ஆரோக்கியமானவர்கள் என்று தோன்றும். ஆனால் அங்கே ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். ஒரு பள்ளிக்கூடத்தையும் ஓய்வூதியக்காரர்கள் குடியிருக்கும் தெருவையும் பக்கத்தில் வைத்து எங்கே சாவு அதிகம் என்று எண்ணுவதுபோல ஆகிவிடும். அதனால்தான் வயது வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை வருடம் வாழும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஸ்வீடன் எண்பதைத் தாண்டி நிற்கிறது. நாம் எழுபதை ஒட்டி இருக்கிறோம்.

ஸ்வீடனையும் நம்மையும் ஒப்பிட்டால் பணம், குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, பிரசவம் என்று நூறு வித்தியாசம் குறுக்கே வரும். எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. டென்மார்க்கும் ஸ்வீடனும் அப்படியில்லை. பேச்சு ஏறக்குறையப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நெருக்கம். வசதி ஒன்று, குளிர் ஒன்று, வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமும் ஒன்றுபோலத்தான். கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் பாலமும் சுரங்கமும் சேர்ந்தே சுமார் 16 கிலோமீட்டர்தான். நம் ஊரிலிருந்து ஏற்காடு ஏறும் தூரத்தில் பாதி. இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு பேரில் ஒருவர் முந்திச் செத்தால், எந்தப் பழக்கம் காரணம் என்று தேட வழி இருக்கிறது. உங்கள் மகன் தேர்ந்தெடுத்த ஜோடி சரியான ஜோடி.

நடந்தது இதுதான். 1950களில் இரு நாட்டுப் பெண்களின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பிறகு ஸ்வீடன் பெண்களின் ஆயுள் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. டென்மார்க் பெண்களுடையது 1970களின் கடைசியில் 77 வயதை ஒட்டி வந்து அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் அசையவில்லை. போர் இல்லை, பஞ்சம் இல்லை, தொற்றுநோய் இல்லை. 1995 வாக்கில் இரு பக்கத்துப் பெண்களுக்கும் இடையே மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தது. வளர்ந்த நாடு ஒன்றில் இப்படி நடந்தது ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது.

தோண்டிப் பார்த்தபோது விடை ஒரு தலைமுறையில் கிடைத்தது. இரண்டு உலகப் போர்களை ஒட்டிய காலத்தில், 1915க்கும் 1945க்கும் இடையே பிறந்த டென்மார்க் பெண்கள். அவர்கள் வாலிபத்தில் இருந்தபோது பெண்கள் சிகரெட் பிடிப்பது அங்கே சகஜமாகிவிட்டது. உலகத்திலேயே பெண்கள் அதிகம் புகைத்த நாடுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பெண்கள் ஐம்பதையும் அறுபதையும் தொட்டபோது நுரையீரல் புற்றும் மூச்சடைப்பும் மாரடைப்பும் வரிசையாக வந்தன. அந்தத் தலைமுறை கடந்துபோனதும் ஆயுள் மறுபடி வேகமாக ஏறத் தொடங்கியது. இன்று டென்மார்க் பெண்கள் 83ஐத் தாண்டிவிட்டார்கள். ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலேதான் இருக்கிறது, இடைவெளி மட்டும் குறைந்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மகனின் கணக்கு பிசகும் இடம் இதுதான். இரண்டு நாட்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது பெண்களிடம். அந்த வருடங்களில் ஸ்வீடன் பெண்கள் ஸ்னூஸ் வைத்ததே அபூர்வம். அது அப்போது ஆண்களின் பழக்கம். அப்படியானால் ஸ்வீடன் பெண்ணைக் காப்பாற்றியது எது? அவர்கள் அண்டை நாட்டுப் பெண்கள் அளவுக்குப் புகைக்கவில்லை, அவ்வளவுதான். டப்பாவுக்கு அதில் பங்கே இல்லை.

ஆண்களிடம் டப்பாவுக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஸ்வீடன் ஆண்கள் பலர் சிகரெட்டை விட்டு ஸ்னூஸுக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. 1995இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஸ்வீடன் விலக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நுரையீரல் புற்றால் ஆண்கள் மிகக் குறைவாக இறக்கும் நாடு ஸ்வீடன்தான். புகை உள்ளே போகாவிட்டால் நுரையீரல் தப்பும். ஆக, நாளுக்கு இருபது சிகரெட் பிடிக்கிறவர் அதை அடியோடு விட்டு ஸ்னூஸுக்கு மாறினால் அவருக்கு லாபம். சரி. ஆனால் நீங்கள் சிகரெட்டே பிடிக்காதவர். அவர்கள் எதை விட்டுவிட்டு இதற்கு வந்தார்களோ, அது உங்களிடம் இல்லவே இல்லை.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்மார்க்கில் சாராய வகைகளைச் சாதாரண மளிகைக் கடையிலேயே வாங்கலாம். ஸ்வீடனில் பெரும்பாலும் அரசுக் கடையில்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரு நாட்டு ஆயுள் வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. டென்மார்க்கே ஒருமுறை இதை நிரூபித்திருக்கிறது: முதல் உலகப் போரின்போது, 1917இல், அங்கே சாராயத்தின் விலையை வரியால் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். குடியால் வரும் சாவு சடசடவென்று சரிந்தது. உங்கள் சனிக்கிழமைப் பழக்கத்தைக் கொஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். புகையிலை படிந்த வாயில் மதுவும் சேர்ந்தால் இரண்டின் கெடுதலும் கூட்டலாக நிற்பதில்லை, பெருக்கலாகிவிடும். வாயில் சோதனை முடியும் வரையாவது அதை நிறுத்தி வையுங்கள்.

இப்போது டப்பாவையும் உங்கள் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டுமே வாய்க்குள் வைக்கும் புகையிலைதான் என்று மகன் நினைக்கிறார். ஸ்வீடனில் அரைத்த புகையிலையை நீராவியில் சூடாக்குகிறார்கள். அதில் கிருமிகள் சாகின்றன. புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் பெருகுவதற்கு அந்தக் கிருமிகள்தான் துணை. பிறகு குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் புகையிலையைக் காயவைத்து, புளிக்கவைத்து, மாதக்கணக்கில் வெக்கையில் கிடத்தி, சுண்ணாம்பு சேர்த்துப் போடுகிறோம். சுண்ணாம்பு வாய்த்தோலை அரித்து மற்றவை உள்ளே இறங்க வழி செய்கிறது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் பாக்கு. ஸ்னூஸில் பாக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல், புகையிலையே சேர்க்காத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. சீவல், இனிப்புப் பாக்கு, வாசனைப் பாக்கு எல்லாம் இதில் அடக்கம். "புகையிலையை விட்டுட்டேன் டாக்டர், இப்ப வெறும் பாக்குதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். பாதிக் கிணறு தாண்டியவர்கள் அவர்கள்.

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று. ஸ்வீடனில் அது பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது. 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 21 பேர் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்தினார்கள்; புகைத்தவர்கள் 11 பேருக்குள்தான். நம் நோய் வாயில் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உங்களைப்போன்றவர்கள் ஏன் மெல்லத் தொடங்கினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தறிக்கூடத்தில் நூலும் பஞ்சும் கிடக்கும். பீடி பற்றவைக்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும். ராத்திரி ஷிஃப்ட்டில் தூக்கம் சொக்கும், பசி கிள்ளும், தறிச்சத்தத்தில் பேச்சுத் துணையும் இருக்காது. அப்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் விடியும்வரை தாங்கும். இது கெட்ட புத்தியால் வந்த பழக்கம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழைப்பு கொண்டுவந்து விட்ட பழக்கம். அதனாலேயே இதை விடவைப்பது எங்கள் கடமை என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா 88 வயது வரை இருந்ததைக் கேட்கச் சந்தோஷம். அவர் போட்டது சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை. நீங்கள் போடுவது ராத்திரி முழுக்கக் கன்னத்தில் ஊறும் பொட்டலம். இது ஒன்று. இன்னொன்று, அவரோடு சேர்ந்து திண்ணையில் வெற்றிலை இடித்த பெண்களில் அறுபதிலேயே போனவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் இருந்தவர்தான் நம் நினைவில் நிற்பார். முந்திப் போனவருக்காகச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. நம் நாட்டில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுக்கும் சாவுகள் நூற்றில் இருபத்து சொச்சம்தான். மீதியெல்லாம் "முடியாம இருந்தாங்க, போயிட்டாங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது.

டென்மார்க்கைப் பற்றிப் பேசிவிட்டு ஒருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கோபன்ஹேகனைச் சேர்ந்த யென்ஸ் பிண்ட்போர்க் என்ற வாய்நோய் அறிஞர் நம் நாட்டுக்கு வந்து, மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவோடு சேர்ந்து, 1960களிலிருந்து இந்தியக் கிராமங்களில் வீடு வீடாக வாய்களைத் திறந்து பார்த்தார். நீங்கள் சொல்லும் அந்த இறுக்கத்தைப் பற்றி இன்று எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த உழைப்பில் வந்தது. பிறகு எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் மாவட்டங்களில் புகையிலை மெல்லும், புகைக்கும் சுமார் 36,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பழக்கத்தை நிறுத்தியவர்களுக்கு வாயில் வெள்ளைத் திட்டு வருவது வெகுவாகக் குறைந்தது. முப்பது வருடம் போட்டாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

அதனால், டப்பா வேண்டாம். பாக்குப் பொட்டலத்தைவிட அது கெடுதல் குறைந்தது என்று மகன் சொன்னால், அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இறுகத் தொடங்கிவிட்ட வாயில் எதை வைத்தாலும் தொந்தரவுதான். நிகோட்டின் அடிமைத்தனமும் அப்படியே இருக்கும். மால்மோவிலிருந்து டப்பா வராத மாதத்தில் உங்கள் கை பழைய பொட்டலத்துக்குத்தான் போகும். உங்கள் மகனிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மாரடைப்பு வந்தபின் ஸ்னூஸை நிறுத்தியவர்கள், நிறுத்தாதவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள் என்று கண்டறிந்ததே ஸ்வீடன் மருத்துவர்கள்தான். அவர் சிகரெட் பிடித்துப் பழகியவர் இல்லையென்றால், அவருக்கும் அந்த டப்பா தேவையில்லை.

பாக்கை இன்றே நிறுத்துங்கள். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. புகையிலையை நிறுத்தினால் முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். ஷிஃப்ட்டில் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் சோம்போ ஏலக்காயோ வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாவிட்டால் நிகோட்டின் பட்டை, மாத்திரை என்று மருத்துவர் தரும் உதவிகள் இருக்கின்றன. உங்கள் வாய் இருக்கும் நிலையில் சூயிங்கம் வகை சரிப்படாது. புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி 1800-11-2356இல் தமிழிலும் பேசலாம். வாய் இறுக்கம் உறுதியானால், வாய் திறக்கும் பயிற்சியும் கன்னத்தில் போடும் ஊசியும் உண்டு. படிந்த நாரை முழுக்கக் கரைக்க முடியாவிட்டாலும் மேலும் இறுகாமல் தடுக்கலாம். நெல்லிக்காய், கீரை, பழம் நிறையச் சேருங்கள். காரத்தைக் கொஞ்ச நாள் குறையுங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பயப்படாமல் சம்மதியுங்கள்.

நம் பெரியாஸ்பத்திரியின் பல் மருத்துவப் பிரிவுக்கே போகலாம். எந்தப் பொட்டலம், நாளைக்கு எத்தனை, எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்கள், எரிச்சல் எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். டென்மார்க்கில் பெண்களின் சிகரெட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலத்தில்தான் அந்தத் தலைமுறையே கரைந்தது. உங்கள் வீட்டம்மா போடும் சீவலையும் புகையிலையையும் நீங்களே ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவருக்குக் காரம் எரிகிறதா, மூன்று விரல் போகிறதா என்று இன்று ராத்திரி கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு சீட்டாகப் போடுங்கள்.